கிழிபடாத சார்ட்

ரயில் பெட்டி வாசலில் ரிசர்வேஷன் சார்ட் ஒட்டுவதை 2018 மார்ச் 1ஆம் தேதியிலிருந்து இந்திய ரயில்வே நிறுத்தத் தொடங்கியது. ஏ1, ஏ, பி வகை நிலையங்களில் முதலில் ஆறு மாதம் நிறுத்திப் பார்ப்பது என்று உத்தரவு. சென்னை சென்ட்ரல் போன்ற சில பெரிய நிலையங்களில் அதற்கு முன்பே நின்றுபோயிருந்தது. காகிதம் மிச்சமாகும் என்று காரணம் சொன்னார்கள். அதற்கு ஆறு மாதம் முன்னால், 2017 ஆகஸ்ட் 24 அன்று, ஓய்வுபெற்ற நீதிபதி கே.எஸ்.புட்டசாமி தொடுத்த வழக்கில், உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் ஒருமித்து அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று தீர்ப்பளித்திருந்தார்கள். இந்த இரண்டையும் சேர்த்து எங்கள் ஊரில் அன்றைக்கு யாரும் பேசவில்லை. நான் மட்டும் உள்ளுக்குள் மகிழ்ந்தேன். என்ன காரணத்துக்கு நிறுத்தினால் என்ன, ஒரு பெண்ணின் பெயரையும் வயதையும் படுக்கை எண்ணையும் வாசலில் ஒட்டிவைக்கும் வழக்கம் ஒழிந்ததே என்று நினைத்தேன். இன்று அதே வாசலில் என்ன வரப்போகிறது என்று படிக்கும்போது அந்த மகிழ்ச்சி நிலைக்கவில்லை.

நான் ஜோலார்பேட்டை ரயில்வே காலனியில் வளர்ந்தவள். அப்பா டி.டி.ஆர். எங்கள் ஊரே ரயிலால் உண்டானது. சென்னையிலிருந்து வருகிற பாதை இங்கேதான் பிரிகிறது. ஒரு பாதை பெங்களூருக்குப் போகும், மற்றது சேலம் வழியாகக் கோவைக்கும் கேரளத்துக்கும் போகும். 1864இல் பெங்களூர்ப் பாதை திறந்ததிலிருந்து இது ஜங்ஷன். இந்தப் பக்கம் ஏலகிரி மலை, அந்தப் பக்கம் வாணியம்பாடி, ஆம்பூர் தோல் ஷாப்புகள். 2019 நவம்பரில் திருப்பத்தூர் மாவட்டம் வரும்வரை நாங்கள் வேலூர் மாவட்டத்துக்காரர்கள். தமிழ், உருது, தெலுங்கு, கன்னடம், மலையாளம் எல்லாம் ஒரே பிளாட்பாரத்தில் கேட்கும். வண்டி நிற்கிற சில நிமிடங்களில் எங்களுக்கு, அதாவது காலனிப் பிள்ளைகளுக்கு, ஒரே பொழுதுபோக்கு சார்ட் படிப்பது.

பெட்டிக் கதவுக்குப் பக்கத்தில் சார்ட் ஒட்டியிருப்பார்கள். பசை இன்னும் காயாமல் ஓரம் ஈரமாக இருக்கும். முதலில் கையெழுத்திலும் தட்டச்சிலும் பார்த்தோம். பிறகு கம்ப்யூட்டர் வந்து, ஓரத்தில் வரிசையாகத் துளை போட்ட நீளத் தாள் வந்தது. பெயர், ஆணா பெண்ணா, வயது, எங்கே ஏறுகிறார், எங்கே இறங்குகிறார், எந்தப் படுக்கை எல்லாம் அதில் உண்டு. நான் ஆங்கிலம் எழுத்துக்கூட்டிப் படிக்கக் கற்றுக்கொண்டது அந்தப் பெயர்களில்தான். சட்டோபாத்யாய என்று ஒரு பெயரை வாய்விட்டுப் படிக்க முடிந்த நாளில் எனக்கு வந்த பெருமை இன்னும் நினைவிருக்கிறது. யார் எந்த ஊர், என்ன மதம், என்ன சாதி என்று பெயரை வைத்தே எங்களில் பெரிய பிள்ளைகள் சொல்லிவிடுவார்கள். கணவனும் மனைவியுமா, அண்ணன் தங்கையா என்று வயதை வைத்துக் கணக்குப் போடுவோம். அதில் தப்பு இருக்கிறது என்று எங்களுக்குத் தோன்றவில்லை. பெரியவர்களுக்கும் தோன்றவில்லை. சர்க்கார் ஒட்டிய தாள், படிப்பதற்குத்தானே ஒட்டியிருக்கிறார்கள்.

கோவையில் கல்லூரியில் சேர்ந்த பிறகு அந்தத் தாளின் இன்னொரு முகத்தைப் பார்த்தேன். இரவு வண்டி, நடுநிசி தாண்டி ஜோலார்பேட்டைக்கு வரும். ஒருமுறை ஏறிப் படுத்துக் கண் அசந்த நேரத்தில் யாரோ என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். வீட்டு ஆள் என்று நினைத்து எழுந்து உட்கார்ந்துவிட்டேன். பார்த்திராத முகம். என் பெயர், என் வயது, நான் இறங்கும் ஊர் எல்லாம் தெரிந்திருந்தது. தெரிந்தவன் மாதிரியே பேசிக்கொண்டு காலடியில் உட்கார்ந்தான். எதிர்ப் படுக்கையில் இருந்த வயதான அம்மா விளக்கைப் போட்டு, "யாருப்பா நீ, எந்த சீட்டு?" என்று சத்தம் போட்டதும் இறங்கிப் போனான். சார்ட்டில் எஃப், 18 என்று தனியாக ஒரு வரி இருந்தால் போதும். விடிகிறவரை நான் காலை நீட்டவில்லை.

அடுத்த விடுமுறையில் அப்பாவிடம் சொன்னேன். அவர் முகம் சுருங்கிப்போனது. அதற்கப்புறம் எனக்கு டிக்கெட் எடுக்கும்போது பெயரை முழுதாக எழுதாமல் இனிஷியலோடு ஓரெழுத்து மட்டும் எழுதுவார். ஆனால் எஃப் என்ற எழுத்தை என்ன செய்வது?

அப்பாவின் கறுப்புக் கோட்டுப் பையில் மடித்த சார்ட் எப்போதும் இருக்கும். எத்தனையோ பேரின் பயணம் அவருக்குத் தெரியும். ஊர்ப் பெரிய மனிதர் யாரோடு பெங்களூர் போனார், எந்த வீட்டுப் பையன் யாருக்கும் சொல்லாமல் பம்பாய்க்கு வண்டி ஏறினான், யார் ஆஸ்பத்திரிக்காக மாதாமாதம் வேலூர் போகிறார் என்று தெரியும். ஒன்றையும் வீட்டில் சொன்னதில்லை. அம்மா துருவிக் கேட்டால், "வண்டியில பார்த்தத வண்டியிலயே விட்டுட்டு வந்துடணும்" என்பார். அது ரயில்வே விதியில் எழுதியிருந்ததால் அவர் அப்படி இருக்கவில்லை. மறுநாள் கடைத்தெருவில் அதே ஆளை நேருக்கு நேர் பார்க்க வேண்டும் என்பதுதான் காரணம்.

வாசலில் ஒட்டிய தாளின் ஆயுளும் ஒரு பயணம்தான். வண்டி யார்டுக்குத் திரும்பியதும் தண்ணீர் அடித்துச் சுரண்டிவிடுவார்கள், அல்லது அதன் மேலேயே அடுத்த சார்ட்டை ஒட்டிவிடுவார்கள். நேற்றுப் போனவர் பெயர் இன்று போகிறவர் பெயருக்கு அடியில் போய்விடும். அந்தத் தாளைப் பார்த்து என்னைப் பயமுறுத்தியவனுக்கும் அன்றைக்கு ஓர் இரவுதான் கிடைத்தது. மறுவாரம் நான் எந்த வண்டியில் போகிறேன், விடுதி எங்கே, அப்பா யார், கல்லூரிக் கட்டணம் கட்டினோமா என்று அந்தத் தாள் அவனுக்குச் சொல்லவில்லை. சார்ட்டின் கொடுமை அது எல்லார் கண்ணிலும் பட்டது. அதன் நல்ல குணம் அது கிழிந்துபோனது. இந்த இரண்டையும் நாங்கள் பிரித்துப் பார்க்கவில்லை.

பட்டியல் என்பது எப்போதுமே அபாயம்தான். 1983 ஜூலையில் கொழும்பில் கும்பல்கள் வாக்காளர் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு தமிழர் வீடுகளைத் தேடித்தேடிப் போனதைத் தப்பி வந்தவர்கள் சொன்னார்கள். மறுவருடம் நவம்பரில் டெல்லியில் சீக்கியர் வீடுகளுக்கும் அதே மாதிரிப் பட்டியலோடு போனார்கள். ஓட்டுப் போடுவதற்காகக் கொடுத்த பெயரும் முகவரியும் உயிரை எடுக்க வழிகாட்டின. அதனால் அந்தக் காலம் தங்கக் காலம் என்று நான் சொல்ல வரவில்லை. எங்கள் ஊரில் தந்தி வந்தால் தபால்காரர் சைக்கிளை நிறுத்துவதற்குள் தெருவே கூடிவிடும். எஸ்.டி.டி. பூத்தில் பேசினால் வரிசையில் நிற்கிற நாலு பேர் காதிலும் விழும். கல்யாணம் தட்டிப்போன வீட்டின் கதை சந்தைக்கோடியூரிலிருந்து பார்சம்பேட்டைக்கு ஒரே மாலையில் போய்ச் சேரும். பெண்கள் அதில் பட்ட பாடு கொஞ்சமல்ல. ஆனால் பேசியது யார் என்று தெரியும். வாசலுக்குப் போய் "ஏண்ணே, இப்படிச் சொன்னியாமே" என்று கேட்க முடியும். நாலு வருஷம் போனால் ஊரும் மறந்துவிடும்.

இப்போது அந்தக் கதவுக்குத் திரும்புவோம். 74,000 பெட்டிகளிலும் 15,000 என்ஜின்களிலும் கேமரா பொருத்தப்போவதாக 2025 ஜூலையில் ரயில்வே அறிவித்தது. பெட்டிக்கு நான்கு. பயணிகளின் அந்தரங்கத்தைக் காக்க, வாசலை ஒட்டி எல்லாரும் நடமாடும் இடத்தில் மட்டும் பொருத்துவோம் என்றும் சொன்னார்கள். அதாவது, சார்ட் ஒட்டிய அதே இடம். பதிவாகும் காட்சிகளைச் செயற்கை நுண்ணறிவைக் கொண்டு பயன்படுத்தும் வழிகளை இந்தியா ஏஐ இயக்கத்தோடு சேர்ந்து ஆராயுமாறு ரயில்வே அமைச்சர் அதிகாரிகளைக் கேட்டுக்கொண்டார்.

கேமரா வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனம் வராது. அந்த இரவில் வாசலில் ஒரு கேமரா இருந்திருந்தால் அவன் என் காலடி வரை வந்திருக்க மாட்டான். சங்கிலி பறிகொடுத்தவர்களும், பிள்ளையைக் கூட்டத்தில் தொலைத்தவர்களும் கேமராவைக் கையெடுத்துக் கும்பிடுவார்கள். என் கேள்வி வேறு. அந்தப் படம் எத்தனை நாள் இருக்கும்? வேறு எதனோடு சேர்த்துப் பார்க்கப்படும்?

வெறும் கேமரா ஒரு காட்சியைப் பதிவுசெய்யும். ஆயிரம் மணி நேரப் படத்தை உட்கார்ந்து பார்க்க ஆள் கிடையாது. பார்க்க ஆள் இல்லை என்பதே நமக்கு ஒரு காவலாக இருந்தது. செயற்கை நுண்ணறிவு அந்த ஆளாக வந்து உட்காருகிறது. கண்ணுக்கும் கண்ணுக்கும் நடுவிலுள்ள தூரம், மூக்கின் வடிவம், தாடையின் கோணம் என்று நம் முகத்தின் அமைப்பை எண்களாக்கி வைத்துக்கொள்கிறது. இன்னொரு இடத்தில் அதே எண்களுக்குக் கிட்டத்தட்டப் பொருந்துகிற முகம் வந்தால் இரண்டும் ஒருவரே என்கிறது. 'கிட்டத்தட்ட' என்பதைக் கவனியுங்கள். 80 சதவீதம் பொருந்தினால் ஒரே ஆள் என்று எடுத்துக்கொள்வதாக டெல்லி காவல்துறை 2022இல் தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் பதில் கொடுத்தது. தவறாகப் பொருந்தினால் யார் வீட்டுப் பிள்ளையோ காவல் நிலையத்தில் உட்கார வேண்டும். சரியாகப் பொருந்தினாலும் சிக்கல்தான். டிக்கெட்டில் இருக்கிற பெயர், கைப்பேசி எண், பணம் கட்டிய கணக்கு, வாசலில் பதிவான முகம் ஆகிய நான்கையும் கோத்துவிட்டால், என் அப்பா ஆயுள் முழுக்க வாய் திறக்காமல் காத்த அத்தனையும் ஒரு நொடியில் ஒரு திரையில் வந்து நிற்கும்.

இது கற்பனைப் பயம் இல்லை. 2022 ஆகஸ்டில் ஐ.ஆர்.சி.டி.சி. ஒரு டெண்டர் விட்டது. பயணிகளின் தகவலிலிருந்து வருமானம் பார்க்க ஆலோசனை சொல்ல ஆள் தேவை என்று கேட்டார்கள். 1,000 கோடி ரூபாய் வரை ஈட்டலாம் என்று கணக்கு. பெயர், வயது, பாலினம், கைப்பேசி எண், முகவரி, எந்த வகுப்பில் போகிறார், எப்படிப் பணம் கட்டுகிறார் என்பதெல்லாம் ஆய்வுக்கு உரிய தகவல்களில் இருந்தன. அந்த மாதத் தொடக்கத்தில்தான் தகவல் பாதுகாப்பு மசோதாவை அரசு நாடாளுமன்றத்திலிருந்து திரும்பப் பெற்றிருந்தது. எதிர்ப்பு கிளம்பியதும் டெண்டரை விலக்கிக்கொண்டார்கள். அதை நாடாளுமன்ற நிலைக்குழுவிடமும் தெரிவித்தார்கள். எதிர்த்தவர்களுக்கு நன்றி. ஆனால் வாசலிலிருந்து எடுத்த சார்ட் எங்கே போனது என்பது எனக்கு அன்றைக்குத்தான் புரிந்தது. அது கிழிபடவில்லை, அடுக்கிவைக்கப்பட்டிருக்கிறது.

அடுக்கிவைத்த இடமும் பத்திரமில்லை. 2021இல் தமிழ்நாட்டுப் பொது விநியோகத் திட்டப் பயனாளிகள் சுமார் 49 லட்சம் பேரின் விவரங்கள், ஆதார் எண் உட்பட, இணையத்தில் வெளியே வந்திருப்பதை பெங்களூரு சைபர் பாதுகாப்பு நிறுவனம் ஒன்று கண்டுபிடித்துச் சொன்னது. அதே ஆண்டு அக்டோபரில் தமிழ்நாடு காவல்துறை முகம் அறியும் மென்பொருளைப் பயன்பாட்டுக்குக் கொண்டுவந்தது. 2024 மே மாதம் அந்தத் தளமே ஊடுருவப்பட்டது. கடவுச்சொல் திருடுபோனதே காரணம் என்று காவல்துறை விளக்கம் தந்தது. கடவுச்சொல் போனால் மாற்றிக்கொள்ளலாம். முகத்தை மாற்றிக்கொள்ள முடியுமா?

எங்கள் பகுதியில் இதன் பாரம் பெண்கள் தலையில்தான் அதிகம் விழுகிறது. ஆம்பூர், வாணியம்பாடி ஷூ கம்பெனிகளில் பெரும்பாலும் பெண்கள்தான். விடிகாலையில் கம்பெனி பஸ்ஸுக்கும் ரயிலுக்கும் டிபன் டப்பாவோடு ஓடுகிற கூட்டத்தைப் பார்த்தால் தெரியும். அந்தக் காலத்தில் மேஸ்திரி நோட்டில் டிக் அடிப்பார், அவ்வளவுதான் வருகைப் பதிவு. அதிலும் ஏமாற்று உண்டு, அரை நாள் கூலியை விழுங்கிய மேஸ்திரிகள் உண்டு. பிறகு கைரேகை மிஷின் வந்தது. தோல் ஷாப்பில் சுண்ணாம்பிலும் ரசாயனத்திலும் கை நனைத்தவர்களுக்கும், பீடி சுற்றித் தேய்ந்த விரல்களுக்கும் ரேகை விழாது. ரேஷன் கடையிலும் அதே கதைதான். பாட்டிமார்கள் விரலைப் புடவையில் துடைத்துத் துடைத்து வைப்பதை இப்போதும் பார்க்கலாம். அடுத்து முகம் வந்திருக்கிறது. அங்கன்வாடியில் கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மார்களும் வீட்டுக்கு வாங்கிப்போகிற சத்துணவுக்கு, 2025 ஜூலை 1 முதல் போஷன் டிராக்கர் செயலியில் முகத்தைக் காட்ட வேண்டும் என்று மத்திய அரசு கட்டாயமாக்கியது. வயிற்றுப்பிள்ளைக்காரி தன் பங்கு மாவை வாங்க ஆதார் படத்தோடு முகம் பொருந்தியாக வேண்டும்.

எங்கள் தெருவில் ஒரு பெண் ஒரு கம்பெனியில் ஐந்தாறு வருஷம் தையல் பிரிவில் இருந்துவிட்டு, குழந்தை பிறந்ததும் நின்றுவிட்டாள். கடைசி நாள் கணக்கு முடிக்கப் போனபோது, "என் மூஞ்சி படத்த மிஷின்ல இருந்து எடுத்துடுவீங்களா சார்?" என்று கேட்டிருக்கிறாள். "அது சிஸ்டத்துல இருக்கும்மா, ஒண்ணும் ஆகாது" என்று பதில் வந்ததாம். என்னிடம் வந்து, "ஏங்க்கா, நான் நின்னுட்டேன், என் மூஞ்சி மட்டும் இன்னும் வேல செய்யுதா?" என்று கேட்டாள். படித்தவர்கள் யாரும் கேட்காத கேள்வியை அவள் கேட்டாள்.

படித்தவர்களாகிய நாம் என்ன செய்கிறோம்? நான் சின்னப் பெண்ணாக இருந்தபோது கடைத்தெரு ஸ்டூடியோக்காரர் என் அத்தை பெண்ணின் படத்தைப் பெரிதாக்கிக் கண்ணாடி ஷோகேசில் வைத்துவிட்டார். என் மாமா நேராகப் போய் நின்று, படத்தையும் நெகட்டிவையும் கையில் வாங்கிக்கொண்டுதான் திரும்பினார். அதில் பெண் மீதான கட்டுப்பாடும் இருந்தது, மறுக்கவில்லை. ஆனால் கேட்க ஓர் ஆள் இருந்தார், திருப்பித்தர ஒரு நெகட்டிவ் இருந்தது. 2025 மார்ச் கடைசியில் ஜிப்லி படமாக மாற்றித்தருகிற மோகம் வந்தபோது, எங்கள் உறவுக்கார வாட்ஸ்அப் குழுவில் பிறந்தநாள் குழந்தையிலிருந்து படுக்கையிலிருக்கிற பாட்டி வரை எல்லார் முகத்தையும் நாமே கொண்டுபோய்க் கொடுத்தோம். யாரும் பாட்டியைக் கேட்கவில்லை.

முகத்தோடு போயிருந்தால்கூடப் பரவாயில்லை. இப்போது ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டைப் படம் எடுத்துச் செயற்கை நுண்ணறிவுச் செயலியிடம் காட்டி "இது என்ன நோய்?" என்று கேட்கிறார்கள். மாமியார் சண்டையை, கடன் தொல்லையை, சாகத் தோன்றும் எண்ணத்தைக்கூட அதனிடம்தான் சொல்கிறார்கள். பகலில் யாரிடமும் சொல்ல முடியாததை இரவில் அதனிடம் சொல்கிற தனிமையை நான் குறைசொல்ல மாட்டேன். ஆனால் டாக்டரிடமோ வக்கீலிடமோ சொன்னதற்கு இருக்கிற சட்டப் பாதுகாப்பு சாட்ஜிபிடியிடம் சொன்னதற்கு இல்லை என்று அதை உருவாக்கிய ஓபன்ஏஐ நிறுவனத்தின் தலைவர் சாம் ஆல்ட்மேனே 2025 ஜூலையில் சொன்னார். அதற்கு இரண்டு மாதம் முன்பு, நியூயார்க் டைம்ஸ் தொடுத்த காப்புரிமை வழக்கில், பயனர்கள் அழித்த உரையாடல்களையும் அழிக்காமல் வைத்திருக்க வேண்டும் என்று அமெரிக்க நீதிமன்றம் ஓபன்ஏஐக்கு உத்தரவிட்டிருந்தது. அந்த உத்தரவு செப்டம்பர் கடைசி வாரம் வரை நடப்பில் இருந்தது. நாம் அழித்துவிட்டோம் என்று நிம்மதியாகத் தூங்கியது அங்கே அழியாமல் இருந்தது. அலுவலகக் கணினிகளில் இந்தச் செயலிகளைப் பயன்படுத்தாதீர்கள் என்று நம் நிதி அமைச்சகமே 2025 ஜனவரியில் தன் ஊழியர்களுக்குச் சொன்னது. சர்க்கார் கோப்புக்கு இருக்கிற அக்கறை நம் வீட்டு ரிப்போர்ட்டுக்கும் வேண்டாமா?

அந்தரங்கத்துக்காகத் தமிழ்நாடு நடத்திய சட்டப் போராட்டங்கள் சின்னவை இல்லை. மரண தண்டனைக் கைதி ஆட்டோ சங்கரின் சுயசரிதையை நக்கீரன் இதழ் வெளியிடலாமா கூடாதா என்ற வழக்கில்தான், 1994 அக்டோபரில், தன்னைத் தனியே விடும்படி கேட்கும் உரிமை வாழ்வுரிமைக்குள் அடங்கியது என்று உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது. பொது ஆவணத்தில் இருப்பதை வெளியிடத் தடையில்லை என்றும் சொன்னது. முப்பது வருஷம் கழித்து அந்த இரண்டு வரிகளும் ஒன்றோடொன்று மோதுகின்றன. 2014இல் உயர் நீதிமன்றத்தால் விடுதலை செய்யப்பட்ட ஒருவர், தீர்ப்பில் இருக்கிற தன் பெயரை மறைத்துத்தரச் சொல்லி நீதிமன்றம் போனார். பெயரைத் தட்டினால் இணையத்தில் பழைய வழக்கே முதலில் வந்து நிற்கிறது என்பது அவர் துயரம். 2021இல் தனி நீதிபதி மறுத்தார். 2024 பிப்ரவரியில் சென்னை உயர் நீதிமன்ற அமர்வு பெயரை மறைக்கச் சொன்னது. அதே ஆண்டு ஜூலையில் உச்ச நீதிமன்றம் அதற்கு இடைக்காலத் தடை போட்டது. அவர் பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. தீர்ப்புகள் எல்லாருக்கும் கிடைக்க வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக்கருத்து இல்லை, நீதிமன்றம் மூடிய அறையாகக் கூடாது. ஆனால் இணையத்தில் கிடக்கிற எழுத்தையெல்லாம் விழுங்கிப் படித்துவைத்திருக்கிற எந்திரங்கள் வந்துவிட்ட பிறகு, ஒரு பெயரை ஒரு பக்கத்திலிருந்து எடுத்தால் மட்டும் போதாது. படித்துமுடித்த எந்திரத்திலிருந்து அதை எப்படி எடுப்பது என்று தொழில்நுட்பக்காரர்களே இன்னும் திணறுகிறார்கள்.

ஐரோப்பாவில் ஒரு கோடு போட்டுவிட்டார்கள். இணையத்திலும் கேமராக்களிலும் கிடைக்கிற முகங்களையெல்லாம் வாரிச்சேர்த்து முகம் அறியும் களஞ்சியம் கட்டக் கூடாது என்ற தடை 2025 பிப்ரவரி 2 முதல் அங்கே நடப்புக்கு வந்தது. அப்படிக் களஞ்சியம் கட்டிய கிளியர்வியூ நிறுவனத்துக்கு நெதர்லாந்து 2024இல் 3 கோடி யூரோவுக்கு மேல் அபராதம் போட்டது.

நம்மிடம் 2023ஆம் ஆண்டின் மின்னணுத் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. விதிகள் 2025 நவம்பரில் வந்தன. நிறுவனங்கள் கடைப்பிடிக்க வேண்டிய முக்கியமான பகுதிகள் பதினெட்டு மாத அவகாசத்துக்குப் பின், அதாவது 2027 மே மாதம்தான் நடப்புக்கு வருகின்றன. பாதுகாப்பில் கோட்டைவிட்டால் 250 கோடி ரூபாய் வரை அபராதம். அந்தப் பணம் அரசின் தொகுப்பு நிதிக்குப் போகும். தகவல் கசிந்து பாதிக்கப்பட்டவருக்கு இழப்பீடு கேட்க உதவிய பழைய தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43ஏ பிரிவை நீக்குவதற்கும் இதே சட்டத்தில் வழிசெய்திருக்கிறார்கள். நல்லதும் இருக்கிறது. வாங்கிய காரியம் முடிந்ததும் தகவலை அழித்துவிட வேண்டும் என்று 8ஆம் பிரிவின் 7ஆம் உட்பிரிவு சொல்கிறது. எங்கள் தெருப் பெண் கேட்ட கேள்விக்கு அதுதான் பதில். வேலையை விட்டுப் போனவளின் முகத்தை, வேறு சட்டம் ஏதும் வைத்திருக்கச் சொன்னாலன்றி, கம்பெனி அழித்தாக வேண்டும்.

ஆனால் 17ஆம் பிரிவின் 4ஆம் உட்பிரிவைப் படித்தபோது எனக்கு நெஞ்சு அடைத்தது. அழிக்க வேண்டும் என்ற அந்தக் கடமை அரசுக்கும் அரசு அமைப்புகளுக்கும் பொருந்தாது என்று அது சொல்கிறது. 'அழித்துவிடு' என்று கேட்கிற குடிமகனின் உரிமையும் அங்கே செல்லாது. ஷூ கம்பெனி அழிக்க வேண்டும், அங்கன்வாடிச் செயலியை நடத்துகிற அரசு அழிக்க வேண்டியதில்லை. தெருமுனைக் கடைக்காரர் அழிக்க வேண்டும், ரேஷன் கடைக்கும் காவல்துறைக்கும் அந்தக் கட்டாயம் இல்லை. தாளாக இருந்தவரை ஒவ்வொரு பயணத்துக்கும் ஒரு முடிவு இருந்தது. யார்டில் தண்ணீர் அடித்துச் சுரண்டிய அந்தத் தொழிலாளி, தனக்கே தெரியாமல், பல லட்சம் பேரின் அந்தரங்கத்தைக் காத்துக்கொண்டிருந்தார். அவர் செய்த வேலையைச் செய்ய இன்றைக்கு அரசில் யாருக்கும் கடமை இல்லை என்று சட்டத்திலேயே எழுதிவைத்திருக்கிறோம். காகிதத்தை மிச்சம் பிடித்தவர்கள் நம்மை மிச்சம் வைக்கவில்லை.

ஒரு சின்ன நம்பிக்கையையும் சொல்ல வேண்டும். 2011இல் ஒருவரின் போனை ஒட்டுக்கேட்க மத்திய அரசு போட்ட உத்தரவைச் சென்னை உயர் நீதிமன்றம் 2025 ஜூலை 2 அன்று ரத்துசெய்தது. குற்றத்தைக் கண்டுபிடிக்க வேண்டும் என்பது மட்டுமே ஒட்டுக்கேட்கப் போதுமான காரணம் ஆகாது, சட்டம் சொல்கிற பொது நெருக்கடியோ பொதுப் பாதுகாப்போ இருக்க வேண்டும் என்றது தீர்ப்பு. பதினான்கு வருஷம் ஆனாலும் ஒருவர் கேட்டார், பதில் கிடைத்தது. கேட்டால்தான் கிடைக்கும்.

ஆகவே என் ஊர்க்காரர்களிடம், குறிப்பாகக் கம்பெனிக்குப் போகிற பெண்களிடம், ஒரு வேண்டுகோள். முகத்தையோ ரேகையையோ கேட்கிற இடத்தில், இது எதற்கு, எத்தனை நாள் வைத்திருப்பீர்கள், வேறு யாரிடம் கொடுப்பீர்கள் என்று ஒரு வெள்ளைத்தாளில் எழுதிக் கேளுங்கள். தனியாகக் கேட்கப் பயமாக இருந்தால் லைனில் இருக்கிற பத்துப் பேர் சேர்ந்து கையெழுத்துப் போடுங்கள், சங்கம் இருந்தால் சங்கத்தின் மூலம் கேளுங்கள். வேலையை விடும்போது சம்பளக் கணக்கோடு சேர்த்து முகத்தையும் கணக்கு முடிக்கச் சொல்லுங்கள். வீட்டுப் பிள்ளைகளின் படத்தையும் ஆஸ்பத்திரி ரிப்போர்ட்டையும் எந்தச் செயலியிலும் ஏற்றுமுன் ஒரு நிமிடம் நிதானியுங்கள். ஜோலார்பேட்டை திருவண்ணாமலை நாடாளுமன்றத் தொகுதியில் இருக்கிறது, வாணியம்பாடியும் ஆம்பூரும் வேலூர்த் தொகுதியில் இருக்கின்றன. அடுத்த முறை ஓட்டுக் கேட்டு வருகிறவர்களிடம் மேம்பாலமும் குடிநீரும் கேட்கும்போது, 17(4)ஐத் திருத்த நாடாளுமன்றத்தில் பேசுவீர்களா என்றும் கேளுங்கள். நிறுவனங்களுக்கு 2027 மே வரை கெடு இருக்கிறது. அரசுக்கு இன்றுவரை எந்தக் கெடுவும் இல்லை.